பாக்கெட் நாவலுக்கு மார்க் போடுவது எப்படி?

ஒரு நாவலுக்கு விருது கிடைத்துவிட்டால் கூட்டம் போடுகிறோம், கட்டுரை வாசிக்கிறோம். அதே ஊரில் ஒரு க்ரைம் நாவலைப் படித்து முடித்தவரைக் கேட்டுப் பாருங்கள். "நல்லா இருந்துச்சு" என்பார், அல்லது "சுமார்தான்" என்பார். அதோடு சரி. காட்பாடியில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்குவதற்குள் முடித்த புத்தகம் சீட்டிலேயே கிடக்கும்.

இத்தனைக்கும் இந்த வகை எழுத்துக்கும் நம்ம வட ஆற்காட்டுக்கும் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட உறவு. 1866-இல் பிறந்து 1925-இல் மறைந்த ஆரணி குப்புசாமி முதலியார், தமிழில் துப்பறியும் நாவலைப் பரப்பிய முதல் வரிசைக்காரர்களில் ஒருவர். வெள்ளைக்கார மர்மக் கதைகளை எடுத்து, ஆள் பேரையும் ஊர்ப் பேரையும் தமிழாக்கி, பாகம் பாகமாக எழுதித் தள்ளினார். 'இரத்தினபுரி ரகஸ்யம்' அந்த வகை. அவரையும் வடுவூர் துரைசாமி ஐயங்காரையும் ஜே.ஆர்.ரங்கராஜுவையும் ஒளித்து வைத்துப் படித்த தலைமுறை ஒன்று இருந்தது. ஒளித்துப் படித்ததற்கு யார் விமர்சனம் எழுதுவார்கள்?

எழுதியிருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. எப்படி எழுதுவது என்பதற்கு நம் ஊர் தோல் ஷாப்பிலேயே வழி இருக்கிறது. செலக்‌ஷன் பார்ப்பவர் தோலை மேஜையில் விரித்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, உண்ணி கடித்த தழும்பு இருக்கிறதா, உரிக்கும்போது கத்தி பட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துத் தரம் பிரிப்பார். ஆட்டுத்தோலைக் கையில் எடுத்துக்கொண்டு, இதில் மாட்டுத்தோலின் கனம் இல்லையே என்று அவர் தள்ளிவிடுவதில்லை. ஆட்டுத்தோலுக்குள்ளேயே முதல் தரமும் உண்டு, கழிவும் உண்டு. நம் விமர்சகர்கள் இத்தனை காலமாக ஆட்டுத்தோலை மாட்டுத்தோல் கணக்கில் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, தரம் பார்ப்போம். கோயம்புத்தூர் ராஜேஷ்குமாரை எடுத்துக்கொள்ளுங்கள். 1,500 நாவல்களுக்கு மேல் எழுதியவர் என்று சொல்லப்படுகிற மனிதர். அவருடைய கட்டுமானம் பழகியவர்களுக்குத் தெரியும். முதல் அத்தியாயத்தில் ஒரு கதை, சென்னையில் ஒரு பெண் காணாமல் போவாள். இரண்டாவதில் சம்பந்தமே இல்லாத இன்னொரு கதை, வேறொரு ஊரில் ஒரு டாக்டர். ஒன்று, மூன்று, ஐந்து ஒரு தண்டவாளம். இரண்டு, நான்கு, ஆறு இன்னொன்று. கடைசியில் இரண்டும் சேரும். எப்படிச் சேருகிறது என்பதில்தான் மார்க். முதல் தண்டவாளத்தில் ஒருவன் செய்த காரியத்தின் விளைவாக இரண்டாவது தண்டவாளம் ஓடிக்கொண்டிருந்தது என்று கடைசியில் தெரியவந்தால், அது முதல் தரம். புத்தகத்தைத் திருப்பி முன்னால் போய்ப் பார்ப்போம். தடயம் நம் கண் முன்னாலேயே கிடந்திருக்கும். அதே நேரத்தில் அதே ரோட்டில் அந்தக் காரும் வந்தது, மோதியது, சேர்ந்தது என்றால் கழிவு. மாதம் நாலைந்து நாவல் என்று தவணைக்கு எழுதியவரிடம் இரண்டுமே இருக்கும். இவ்வளவு எழுதிவிட்டார் என்று வியப்பதும், இவ்வளவு எழுதினால் எப்படி நன்றாயிருக்கும் என்று ஒதுக்குவதும் இரண்டுமே படிக்காமல் சொல்லும் கருத்து.

இதனால்தான் மர்மக் கதையை மதிப்பிட விரும்புகிறவர் அதை இரண்டு முறை படிக்க வேண்டியிருக்கிறது. முதல் முறை எல்லோரையும் போல ஏமாறுவதற்கு. இரண்டாம் முறை, ஆசிரியர் நியாயமாக ஏமாற்றினாரா என்று பார்ப்பதற்கு. கொலைகாரன் நாற்பதாம் பக்கத்தில் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். கடைசி அத்தியாயத்தில் துபாயிலிருந்து இறங்கக் கூடாது.

பட்டுக்கோட்டை பிரபாகரின் துப்பறியும் ஜோடி பரத்–சுசீலா வேறு ஜாதி. அங்கே துப்பைவிடப் பேச்சுதான் ருசி. சுசீலாவின் டி-ஷர்ட் வாசகங்களுக்காகவே பாக்கெட் நாவல் வாங்கியவர்கள் இருந்தார்கள். இன்றைக்கு என் மகள் வயதுப் பெண்களிடம் அந்தப் பக்கங்களைக் கொடுத்தால் முகம் சுளிக்கிறார்கள். அதையும் விமர்சனத்தில் எழுதத்தான் வேண்டும். சுபாவின் நரேந்திரன்–வைஜயந்தி அந்த விஷயத்தில் கொஞ்சம் தப்பித்துக்கொள்கிறார்கள். ரமணிசந்திரனோ தனி ராஜ்ஜியம். ஷூ கம்பெனி பஸ்ஸில் கைமாறிய நாவல்களில் அவருடையவை கணிசம். காதல் நாவலில் முடிவு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும், இருவரும் சேருவார்கள். ஆகவே தாமதத்துக்கு என்ன காரணம் கற்பிக்கிறார் என்பதில்தான் கண் வைக்க வேண்டும். ஒரு வார்த்தை கேட்டுத் தெளிந்திருந்தால் தீர்ந்துபோகும் சந்தேகத்தை இருநூறு பக்கம் இழுத்தால், கதாநாயகி எவ்வளவு நல்லவளாக இருந்தும் எனக்குப் பொறுமை போய்விடுகிறது.

இந்தப் பகுதியில் இன்னொரு வாசிப்பும் ஓடிக்கொண்டிருந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டில் உருது படிக்கிற வீடுகள் உண்டு. அங்கே பெரியவர்களிடம் இப்னே ஸஃபி என்று சொல்லிப் பாருங்கள், அரை மணி நேரம் நகர முடியாது. அலகாபாத் பக்கத்தில் 1928-இல் பிறந்தவர். 1952-இல் 'ஜாசூசி துனியா' வரிசையைத் தொடங்கி, அதே ஆண்டு பாகிஸ்தானுக்குக் குடிபெயர்ந்து, 1980-இல் இறக்கும்வரை எழுதினார். கர்னல் ஃபரீதி, கேப்டன் ஹமீத் ஒரு வரிசை. இம்ரான் இன்னொரு வரிசை. இம்ரான் வெளியே பார்க்க அசட்டுப் பிள்ளை, உளறுவாய். அவன்தான் ரகசியப் படையின் தலைவன் என்பது அவனுக்குக் கீழே வேலை பார்ப்பவர்களுக்கே தெரியாது. நம் தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர் குடித்துக்கொண்டு கம்பீரமாகத் துப்பறிந்த காலத்தில், பக்கத்துத் தெருவில் ஒரு கோமாளி துப்பறிந்துகொண்டிருந்தான். இரண்டு தெருவும் ஒன்றின் புத்தகத்தை மற்றொன்று படித்ததில்லை. சென்னையில் உள்ள பிளாஃப்ட் என்ற பதிப்பகம் 2008-இல் தமிழ் வெகுஜனக் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்தது. அதே பதிப்பகம் 2011-இல் ஷம்ஸுர் ரஹ்மான் ஃபரூக்கி மொழிபெயர்த்த இப்னே ஸஃபி நாவல்களையும் கொண்டுவந்தது. ஆக, பக்கத்துத் தெருக்காரரைச் சந்திக்க நாம் ஆங்கிலம் வழியாகப் போக வேண்டியதாயிற்று! இப்னே ஸஃபியை நேராக உருதுவிலிருந்து தமிழுக்குக் கொண்டுவர இந்தப் பகுதியில் ஆளா இல்லை?

இனிப் படக்கதை. சிவகாசியிலிருந்து 1972-இல் முத்து காமிக்ஸ் வந்தது, முதல் இதழே இரும்புக்கை மாயாவி. 1984-இல் லயன் காமிக்ஸும், தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸும் வந்தன. ராணி காமிக்ஸ் 2005 வரை ஓடியது. முத்துவின் மாயாவி ஒருவன். ராணியில் வந்த முகமூடி வீரர் மாயாவி வேறொருவர். உங்க மாயாவியா, எங்க மாயாவியா என்று பள்ளிக்கூட வராண்டாவில் நடந்த சண்டை பலருக்கு நினைவிருக்கலாம்.

இரும்புக்கை மாயாவி 1962-இல் இங்கிலாந்தின் 'வேலியண்ட்' இதழில் பிறந்தவன். வரைந்தவர் ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ. மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உடம்பு மறைந்துபோகும், இரும்புக் கை மட்டும் தெரியும். ஓவியனுக்கு இது எவ்வளவு பெரிய சோதனை என்று யோசியுங்கள். கதாநாயகனையே வரையக் கூடாது. கட்டத்தில் ஓர் அறை, ஒரு மேஜை, அந்தரத்தில் ஒரு கை. அந்தக் கை இருக்கும் உயரத்தை வைத்து, ஆள் நிற்கிறானா, குனிகிறானா, பயந்து பின்வாங்குகிறானா என்று நாம் கண்டுபிடிக்க வேண்டும். பிளாஸ்கோ அதைக் கறுப்பு மையின் நிழலை வைத்தே செய்துவிடுகிறார். சிறு வயதில் அந்தக் கட்டங்களில் நான் இல்லாத உடம்பைத் தேடிக்கொண்டே இருந்தேன். கதையின் தர்க்கத்தை இப்போது படித்தால் ஓட்டை ஓட்டையாகத்தான் இருக்கிறது. ஓவியத்துக்கு முதல் தரம், கதைக்கு மூன்றாம் தரம். படக்கதைக்கு இப்படி இரண்டு சீட்டு தனித்தனியாக எழுதாமல் ஒரே வரியில் 'சூப்பர்' என்று முடிப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

மூன்றாவது சீட்டு ஒன்றும் உண்டு, மொழிபெயர்ப்புக்கு. வசன பலூன் இத்தாலிய வாக்கியத்துக்கோ பிரெஞ்சு வாக்கியத்துக்கோ அளவெடுத்து வரைந்தது. தமிழ் வார்த்தை நீளம். 'போய்க்கொண்டிருக்கிறார்கள்' என்ற ஒரே சொல் பாதி பலூனைத் தின்றுவிடும். ஆகவே மொழிபெயர்ப்பவர் தையற்காரர் மாதிரி வெட்டியாக வேண்டும். டெக்ஸ் வில்லர் கதைகளைப் பாருங்கள். இத்தாலியில் 1948-இல் போனெல்லியும் கலெப்பினியும் உருவாக்கிய கௌபாய் அவர். தமிழில் அவர் 'இரவுக் கழுகார்', கூட்டாளி கார்சன் 'வெள்ளிமுடியார்'. அந்த 'ஆர்' விகுதியிலேயே பாதி நகைச்சுவை வந்துவிடுகிறது; பாலைவனத்தில் குதிரை ஓட்டுகிறவர் நம் ஊர்ப் பஞ்சாயத்துப் பெரியவர் ஆகிவிடுகிறார். நல்ல வேலை. சில கதைகளில் இது எல்லை மீறி, சாவு வீட்டிலும் வெள்ளிமுடியார் மொக்கை போடுகிறார். மூலத்தில் ஓவியர் அந்தக் கட்டத்தில் முகத்தை இருட்டில் வைத்திருப்பார். பலூன் மட்டும் சிரித்துக்கொண்டிருக்கும். அங்கே மார்க்கைக் குறைக்கத்தான் வேண்டும்.

2012-க்குப் பிறகு லயனும் முத்துவும் பெரிய அளவில், வண்ணத்தில், நல்ல தாளில் வருகின்றன. பார்க்க அழகு. விலையும் அதற்கேற்ப ஏறிவிட்டது. சந்தா கட்டி வாங்குகிறவர்களில் பலர் அந்த நாள் வராண்டாச் சண்டைக்காரர்கள்தான், தலை நரைத்திருக்கிறது. உமராபாத்திலோ மாதனூரிலோ ஆறாம் வகுப்புப் படிக்கும் பையன் கைக்காசில் ஒரு காமிக்ஸ் வாங்க முடியுமா?

கிராஃபிக் நாவல் என்று இப்போது சொல்கிறார்கள். மர்ஜான் சத்ரபியின் 'பெர்செபோலிஸ்' ஈரானின் கதை, விடியல் பதிப்பகம் தமிழில் கொண்டுவந்தது. அதில் ஒரு பக்கம் மறக்காது. போருக்கு அனுப்பப்படும் ஏழைப் பையன்களுக்குச் சொர்க்கத்தின் திறவுகோல் என்று தங்கச் சாயம் பூசிய பிளாஸ்டிக் சாவியைக் கழுத்தில் மாட்டிவிடுகிறார்கள். மேல் கட்டத்தில் அந்தப் பையன்கள் கண்ணிவெடியில் தூக்கி எறியப்படுகிறார்கள். முகம் கிடையாது, கறுப்பு நிழல்கள், கழுத்தில் சாவி. அதற்குக் கீழே சின்னக் கட்டத்தில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் விருந்தில் ஆடுகிறார்கள், கைகால்கள் அதே கோணத்தில் பறக்கின்றன. சத்ரபி இரண்டையும் ஒப்பிட்டு ஒரு வார்த்தை சொல்வதில்லை. இதை உரைநடையில் எழுதியிருந்தால் அழுகை தட்டியிருக்கும்.

அம்பேத்கர் வாழ்க்கையைச் சொல்லும் 'பீமாயணா', நவயானா வெளியீடு, 2011. கோண்டு ஓவியர்கள் துர்காபாய் வ்யாம், சுபாஷ் வ்யாம் கட்டம் போட்டுக் கதை சொல்ல மறுத்துவிட்டார்கள். ஆட்களைச் சதுரத்துக்குள் அடைக்க மாட்டோம் என்றார்களாம். பலூனில்கூட அவர்கள் கைவண்ணம். அன்பான பேச்சு பறவை வடிவ பலூனில் வரும். சாதித் திமிரில் பேசுகிறவன் பலூனுக்குத் தேள் கொடுக்கு இருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கிற குழந்தைகூட யார் கொட்டுகிறான் என்று தெரிந்துகொள்ளும். ஆனால் நடுவே தற்காலச் செய்திகளைக் கோத்து இருவர் பேசிக்கொள்ளும் பகுதிகள் எனக்குப் பாடப்புத்தகம் மாதிரி இருந்தன. படமே சொல்லிவிட்ட பிறகு பேச்சு எதற்கு?

இதையெல்லாம் படித்துவிட்டு நம் பாலாற்றங்கரையைத் திரும்பிப் பார்த்தால் ஒரு குறை உறுத்துகிறது. பேரணாம்பட்டைச் சேர்ந்த அழகிய பெரியவன் 'தகப்பன் கொடி' போன்ற நாவல்களில் இந்த மண்ணை எழுதினார். அது தீவிர இலக்கியத்தின் பக்கம். நம் க்ரைம் நாவல்காரர்களுக்கோ பிணம் விழுவதற்கு ஊட்டி எஸ்டேட் வேண்டும், கொடைக்கானல் பங்களா வேண்டும். ராணிப்பேட்டையில் குரோமியக் கழிவு மலை மாதிரிக் குவிந்து கிடக்கிறது. தோல் கழிவுநீர் பற்றிய வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை நாடு முழுக்கச் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிட்கோவில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். யார் காரணம், யாருக்குத் தெரியும், யார் மறைத்தார்கள் என்று கேட்பதுதானே துப்பறியும் கதை? படமாக வரைய ஓவியர் இல்லையென்றால், ராஜேஷ்குமார் பாணியில் இரண்டு தண்டவாளமாக எழுதலாமே. ஒன்று வங்காளத்து மால்டாவில் புறப்படட்டும், மற்றொன்று ஐரோப்பாவில் ஒரு செருப்புக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால். இரண்டும் தற்செயலாகச் சேர வேண்டிய அவசியமே இல்லை, ஏற்கெனவே சேர்ந்துதான் இருக்கின்றன.

ஒரே ஒரு எச்சரிக்கை, எழுத வருகிறவருக்கு. சுண்ணாம்புத் தொட்டி எது, டிரம் எது, குரோம் ஏறிய ஈரத்தோல் என்ன நிறத்தில் இருக்கும் என்பதெல்லாம் தெரியாமல் எழுதினால், நாவல் கடைக்கு வந்த வாரமே பேரணாம்பட்டிலிருந்து முதல் விமர்சனக் கடிதம் புறப்பட்டுவிடும். அந்தக் கடிதத்தைத் தயவுசெய்து இதழிலேயே அச்சுப் போடுங்கள்.