சென்சார்ல தூசியா? முதல்ல ஃபேனை நிறுத்துங்க

போன எபிசோடுல லென்ஸ் துடைக்கிறதைப் பத்திப் பேசினோம். இன்னைக்குப் பலரும் பயப்படுற இடம்: சென்சார்.

முதல்ல என் தப்பைச் சொல்லிடறேன். ஒரு கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி, படத்துல ஒரு கரும்புள்ளி தெரிஞ்சுது. லென்ஸைக் கழட்டி வாயால ஊதினேன். புள்ளி அப்படியே இருந்துச்சு. எச்சில் துளிகள் கூடச் சேர்ந்துக்கிச்சு. மறுநாள் முழுக்க எஃப்/2.8லயே எடுத்துச் சமாளிச்சேன். அபர்ச்சர் அகலமா இருந்தா புள்ளி மங்கிடும்.

உண்மையில் நாம் தொடுவது சென்சாரை அல்ல, அதன் முன்னால் இருக்கும் ஃபில்டர் கண்ணாடியை. ஆனா அதுல கீறல் விழுந்தாலும் செலவு பெரிசுதான்.

அதனால முதல்ல சோதனை. ஐஎஸ்ஓ 100, அபர்ச்சர் எஃப்/16, ஃபோகஸைக் கலைச்சுட்டு வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுங்க. படத்தில் மேலே தெரியும் புள்ளி, சென்சாரில் கீழே இருக்கும். முன்பக்கமிருந்து பார்த்தால் இடம் வலம் மாறாது.

அடுத்து, கேமரா மெனுவில் இருக்கும் க்ளீனிங் வசதியை ஓட்டிப் பாருங்க. போகலைன்னா ஃபேனை நிறுத்திட்டு, பேட்டரியை முழுசா சார்ஜ் பண்ணிட்டு, மேனுவல் க்ளீனிங் மோடுக்குப் போங்க. டிஎஸ்எல்ஆர்ல பாதியில சார்ஜ் தீர்ந்தா கண்ணாடி கீழே விழுந்துடும். கேமரா வாயைக் கீழ்நோக்கிப் பிடிச்சு, ரப்பர் ப்ளோயரால நாலஞ்சு தடவை ஊதுங்க. ப்ளோயர் மூக்கு உள்ளே போகக் கூடாது. கேன்ல வர்ற காத்து வேண்டவே வேண்டாம். அதுல திரவம் தெறிக்கும். காது குடையுற பட்ஸும் வேண்டாம்.

மறுபடி சோதனைப் படம் எடுங்க. பெரும்பாலும் வேலை இங்கேயே முடிஞ்சிடும்.

ஒட்டிக்கிட்ட புள்ளின்னா மட்டும் ஸ்வாப். ஃபுல் ஃப்ரேமுக்கு 24 மில்லிமீட்டர், ஏபிஎஸ்-சிக்கு 16 மில்லிமீட்டர் அகலம். சென்சாருக்கான திரவம் ரெண்டு சொட்டு. ஒரு பக்கமா ஒரே இழுப்பு, திருப்பி மறுபக்கத்தால எதிர்த்திசையில ஒரு இழுப்பு, அவ்வளவுதான், குப்பையில போட்டுடுங்க. பாத்திரம் தேய்க்கிற மாதிரி தேய்க்காதீங்க.

ரெண்டு ஸ்வாபுக்கும் அசையலைன்னா சர்வீஸ் சென்டர். எஃப்/16ல மட்டும் மங்கலா தெரியுற ஒரு புள்ளியா? விட்டுடுங்க, எடிட்டிங்ல எடுத்துக்கலாம். கை வைக்கத் தெரிஞ்சா போதாது, எங்கே நிறுத்தணும்னும் தெரியணும். அடுத்த எபிசோடுல சந்திப்போம்.