கோமுகிக் கரையும் குறிகட்டுவான் துறையும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



ஏரியன்றிக் கடல் காணாத படப்பையில் கடற்பயணம் பற்றிப் பேசுவானேன் என்று நீங்கள் எண்ணலாம். ஒரகடத்தில் நம் பிள்ளைகள் பொருத்தும் கார்கள் எண்ணூர்த் துறைமுகத்தில் கப்பலேறிக் கடல் கடக்கின்றன. அந்தப் பேறு எனக்கு 2023-இல்தான் வாய்த்தது.

அவ்வாண்டு சென்னையிலிருந்து 'எம்ப்ரஸ்' என்னும் உல்லாசக் கப்பல் இலங்கைத் துறைமுகங்களுக்குச் சென்று வந்தது. அது காங்கேசன்துறையில் நின்ற ஒரு பகற்பொழுதில், வாடகை வண்டியில் யாழ்ப்பாணம் கடந்து, கடலின் நடுவே இட்ட பாதைகள் வழியே, புங்குடுதீவின் மேற்கு ஓரத்திலுள்ள குறிகட்டுவான் துறையை அடைந்தேன். அங்கே சாலை முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் நயினாதீவுக்குப் படகுதான்.

சிறிது நேரப் பயணமே. மரப்படகின் அடித்தட்டில் குனிந்து இறங்கினேன். நாகபூசணி அம்மனைத் தொழச் செல்லும் தமிழரும், நாகவிகாரைக்குச் செல்லும் வெள்ளுடைச் சிங்களவரும் தோள் உரச அமர்ந்திருந்தனர். இடையிடையே அரிசி மூட்டைகள், மருந்துப் பைகள். காலையில் நம்மூரிலிருந்து ஆலைகளுக்குச் செல்லும் பேருந்தின் நெருக்கம் நினைவுக்கு வந்தது. கப்பலில் எனக்குக் கடல் ஒரு காட்சி. இவர்களுக்கோ அது தெரு.

அந்தத் தெருவில் குருதியும் சிந்தியிருக்கிறது. 1985 மே 15 அன்று, நெடுந்தீவிலிருந்து இதே துறையை நோக்கி வந்த 'குமுதினி' படகில் இருபதுக்கும் மேற்பட்ட பயணிகள் கொல்லப்பட்டனர். குழந்தைகளும் அவர்களுள் அடங்குவர்.

கவிதை எழுத வேண்டுமென்று குறிப்பேட்டை விரித்து வைத்திருந்தேன். ஆனால் என் கண்ணெல்லாம் கைக்கடிகாரத்தின் மீதே. மாலைக்குள் கப்பலுக்குத் திரும்ப வேண்டும். அப்போது ஆபுத்திரன் நினைவு வந்தது. நயினாதீவே மணிமேகலை கூறும் மணிபல்லவம் என்று கருதுவோர் உளர், மாறுபடுவோரும் உளர். அந்த மணிபல்லவத்தில்தான், சாவகம் நோக்கிச் சென்ற மரக்கலம் காற்றின் மிகுதியால் ஒரு நாள் தங்கியது. ஆபுத்திரன் கரையில் இறங்கினான். அவன் ஏறிவிட்டான் என்றெண்ணி இரவில் கலம் போய்விட்டது. கையில் அமுதசுரபி இருந்தது. ஊட்டுவதற்கு ஓர் உயிர் இல்லை. தான் ஒருவனே உண்டு வாழ்வதற்கு அக்கலம் எதற்கு என்று கோமுகிப் பொய்கையில் அதை விட்டு, உண்ணாதிருந்து உயிர் நீத்தான்.

என் பதற்றத்தைக் கண்ட முதிய அம்மையார் ஒருவர், "எங்கேயிருந்து வாறியள்?" என்று கேட்டார். சொன்னேன். யாழ்ப்பாணத்து வைத்தியசாலையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார் அவர். மடியில் மருந்துப் பை. என் அச்சத்தைக் கேட்டுச் சிரித்தார்.

"கப்பல் விட்டிட்டுப் போனால் போகட்டும். எங்கட வீட்டிலை சோறு இருக்கு, வாங்கோ" என்றார்.

அந்தச் சொல்லில்தான் ஆபுத்திரன் தேடிய மனிதரை நான் கண்டேன். அவனிடம் கலம் இருந்தது, ஊரில்லை. இங்கே அமுதசுரபி இல்லை, ஊட்டும் மனம் இருந்தது. அவருக்கு என்ன நோய் என்று கேட்கவும் தோன்றாமல் நான் கரையேறிவிட்டேன். கப்பலுக்கு உரிய நேரத்தில் வந்து சேர்ந்தேன். அந்த வெட்கம் மட்டும் இன்றும் கரை சேரவில்லை. குறிப்பேட்டின் அந்தப் பக்கமும் வெறுமையாகவே உள்ளது.

கவிஞர்களே, பத்தாண்டுகளாக நாம் சொற்களைச் சேர்த்து வந்திருக்கிறோம். நம் கையிலும் ஒரு கலம் உண்டு. ஆனால் நமக்குள் மட்டுமே பரிமாறி மகிழ்ந்தால் அது கோமுகிக்குள் கிடப்பதற்கே உரியது. இரவுப் பணி முடிந்து ஒரகடத்திலிருந்து இவ்வழியே தூங்கிக்கொண்டு திரும்பும் இளைஞனை, நம்மில் எத்தனைபேர் "எங்கிருந்து வருகிறாய்?" என்று கேட்டிருக்கிறோம்? பதினோராம் ஆண்டை அந்தக் கேள்வியோடு தொடங்குவோம்.