மட்டை சொன்ன பாடம்



"படிக்கலைன்னா மட்டையைத் தூக்கிட்டு வெள்ளையடிக்கத்தான் போகணும்." எட்டாம் வகுப்பில் ஒருநாள் இப்படிச் சொல்லிவிட்டேன். ஒரு மாணவன் தலைகுனிந்தான். அவன் அப்பா பெயின்டர். புதுச்சேரி கடற்கரையையொட்டிய தெருக்களின் மஞ்சள் சுவர்கள் பலவற்றில் அவர் கைபட்டிருக்கிறது.

மறுநாள் வகுப்பின் முன்னேயே அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு அவன் அப்பாவைப் பள்ளிக்கு அழைத்தேன்.

பனைமட்டையின் நுனியைத் தட்டி நார்நாராக்கிக் காட்டினார். பக்கத்தில் கடையில் வாங்கிய பிரஷையும் வைத்தார். "எதுவானாலும், நாருக்கு நடுவுல இருக்கிற சந்துலதான் டீச்சர் சுண்ணாம்பு நிக்குது" என்றார். விளக்குத் திரியில் எண்ணெயை ஏற்றும் அதே நுண்புழை ஏற்றம்! "அடிச்சதும் வெளுப்பு தெரியாது, காயக் காயத்தான் தெரியும்" என்றார். சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடுடன் வினைபுரிந்து கால்சியம் கார்பனேட்டாகிறது, அதனால்தான் 2, 3 நாளில் சுவர் பளபளக்கிறது என்று நான் விளக்கினேன். இரண்டு பாடமும் அன்றே முடிந்தன. வாளியைப் பிடித்து நின்றவன் அந்த மாணவன்தான்.

தோழர்களே, எந்தத் தொழிலையும் தண்டனையாகச் சொல்லி மிரட்ட வேண்டாம். அந்தத் தொழிலில் உழைப்பவரின் பிள்ளை நம் வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறது.