பரிசுக்கு அனுப்பிய எழுத்தும் பறிபோகும் உரிமையும்

(எழுத்தாளர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



எழுத்தாளருக்கென்று கூட்டப்பெற்ற இவ்வவையிலே வழக்கறிஞரும் ஆசிரியரும் கமக்காரரும் ஒருங்கே அமர்ந்திருக்கக் காண்கின்றோம். அது நன்றே. நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருளைக் காணியுடையோர் மற்றெவரினும் விரைவில் விளங்கிக்கொள்வர்.

ஒருவர் தம் தோட்டத்தில் விளைந்த பூசணிக்காயை விவசாயக் கண்காட்சிக்குக் கொண்டுசெல்கின்றார். நீட்டிய தாளிலே கையொப்பம் இடுகின்றார். பரிசு கிடைக்கவில்லை. பின்னர் ஒருநாள், “காயை மட்டுமன்று, அது விளைந்த நிலத்தையும் எமக்கு எழுதித் தந்துவிட்டீர்” என்று கண்காட்சியார் சொன்னால் அவர் பொறுப்பாரா? ஊரே திரண்டெழும். ஆனால், எழுத்துலகிலே இதுபோன்ற செயல் ஓசையின்றி நடைபெறுகின்றது.

சிறுகதைப் போட்டி, கவிதைப் போட்டி, நாவற் போட்டி என அறிவித்தல்கள் வருகின்றன. பரிசுத் தொகை பெரிய எழுத்திலே இருக்கும். விதிகளின் அடியிலே, “அனுப்பப்படும் ஆக்கங்கள் அனைத்தின் உரிமையும் போட்டி நடத்துவோரையே சாரும்” என்று ஒரு வரி இருக்கும். “பரிசு பெற்றவை” என்றன்று, “அனைத்தும்” என்றே இருக்கும். நூறு பேர் எழுதி மூவர் பரிசு பெற்றால், எஞ்சிய தொண்ணூற்றேழு பேரும் ஒரு சதமும் பெறாமலே தம் படைப்பை இழக்கும்படி எழுதப்பட்ட வரி அது. நாம் அறிந்த ஆசிரியர் ஒருவர், தம் கதைகளைத் தொகுத்து நூலாக்க முற்பட்டபோதுதான், பரிசு பெறாத தம் கதையொன்று தம்முடையதன்று என்று பிறர் சொல்லக் கேட்டார். விதிகளை ஏன் வாசிக்கவில்லை என்று வினவினோம். அவை ஆங்கிலத்தில் இருந்தன என்றார். தமிழ்க் கதைக்குப் போட்டி. அதன் விதிகள் வேற்று மொழியில்!

சட்டம் யாது கூறுகின்றது? ஒரு காணியை விற்பதாயின் நொத்தாரிசு முன்னிலையில், சாட்சிகள் இருவரேனும் ஒப்பமிட உறுதி முடித்தல் வேண்டும் என்று 1840 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் விதித்தது. எழுத்துரிமைக்கு நொத்தாரிசு வேண்டியதில்லை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, அவ்வுரிமையைக் கைமாற்ற இருதரப்பாரும் ஒப்பமிட்ட எழுத்து இருந்தாற் போதும். ஆகவே, போட்டிப் படிவத்தில் நாம் இடும் ஒப்பத்தை வெறும் சடங்கென்று எண்ணலாகாது. பதிப்புரிமையோ எழுதியவர் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்தபின் எழுபது ஆண்டுகளும் நிற்பது; பிள்ளைகளுக்கும் பேரர்களுக்கும் உரிய முதுசொம். பொருளுரிமையை விற்ற பின்னரும், தம் பெயர் குறிக்கப்படவும், தம் புகழுக்கு ஊறு விளைக்கும் திரிபைத் தடுக்கவும் ஆசிரியருக்கு உள்ள உரிமையை அச்சட்டம் தனியே காக்கின்றது. இதனையும் நம்மவரிற் பலர் அறியார்.

கைவிட்ட உரிமை எங்கெங்கே செல்லும் என்பதற்குப் பாரதியார் பாடல்களே சான்று. கவிஞர் 1921 இல் மறைந்தார். அப்பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை வணிகர் கைகளிலே சிக்கிற்று. மக்கள் குரல் எழுப்பிய பின்னரே, 1949 இல் சென்னை அரசு அவர்தம் படைப்புகளின் உரிமையைத் தன் வசமாக்கியது. பாரதியாருக்காக ஒரு நாடு குரல் கொடுத்தது. பெயர் அறியாத நம் இளம் எழுத்தாளருக்காகக் குரல் கொடுப்பவர் யார்?

போட்டிகள் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. புதியோரை ஊருக்கு அறிமுகப்படுத்துவன அவையே. பரிசுக் கதையை வெளியிட நடத்துவோருக்கு அனுமதி வேண்டும் என்பதும் நியாயமே. அதற்கு ஒருமுறை வெளியிடும் அனுமதி போதுமே! ஒற்றி வைத்த காணியை மீட்கலாம். அறுதியாய் எழுதிய காணியை மீட்பது எங்ஙனம்?

ஆதலின் அனுப்புமுன் நான்கு வினாக்களைக் கேளுங்கள். உரிமை கோரப்படுவது வென்ற ஆக்கத்துக்கா, எல்லா ஆக்கத்துக்குமா? கேட்பது அனுமதியா, முழு உரிமையா? எத்தனை காலத்துக்கு, எவ்வெவ் வடிவத்துக்கு? நூலிலும் நாடகத்திலும் திரையிலும் நம் பெயர் நிற்குமா? விடை தெளிவில்லையேல் எழுத்திலே கேளுங்கள்; விதித் தாளின் படியொன்றை வீட்டிலே வையுங்கள். இணையத்தில் ஒரு கட்டத்திலே குறியிடுமுன்னரும் இவ்வாறே செய்யுங்கள்.

போட்டி நடத்தும் சங்கங்களுக்கும் ஒன்று சொல்வோம். விதிகளைத் தமிழிலே தாருங்கள். பரிசு பெறாத ஆக்கத்தின் உரிமை எழுதியவருக்கே உரியதென ஒரு வரி சேருங்கள். வழக்கறிஞர் பெருமக்கள் அவ்வரியை எழுதித் தர முன்வருதல் வேண்டும்.

உரிமை என்னும் சொல்லை மேடைதோறும் முழங்குகின்றோம். அதே உரிமையை வீட்டு மேசையிலே, வாசியாத தாளொன்றில் ஒப்பமிட்டுக் கொடுத்துவிடலாமா? வேலியின் ஒரு கதிகால் நகர்ந்தாலும் வழக்காடும் மக்கள் நாம். எழுத்துக்கும் எல்லையுண்டு என்பதை இன்றேனும் உணர்வோமாக.