காவலுக்கும் வேண்டும் அளவறிந்த கை

 

செமோர் வட்டாரத்தில் பால்மரங்கள் நின்ற நிலங்களில் பல, வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்சாலைகளாகவும் மாறிவிட்டன. நிலம் மாறியதோடு தொழிலும் மாறியது. பால் வெட்டிய குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று சீருடை அணிந்து வாயில்களில் காவல் நிற்கின்றனர். 'ஜாகா வேலைதானே' என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் அது பொறுப்பு மிகுந்த பணியாகும். அப்பணியில் எழுகின்ற ஒரு சிக்கலைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம். நம்மோடு காவல் நிற்கும் தோழர் அளவுக்கு மீறி முரட்டுத்தனம் காட்டினால் நாம் என்ன செய்ய வேண்டும்?

ஒரு காட்சியை எண்ணிப் பார்ப்போம். இரவு இரண்டு மணி. தொழிற்சாலை வேலிக்குள் பழைய இரும்பு பொறுக்க வந்த ஒரு சிறுவன் பிடிபடுகிறான். அவன் ஓடவில்லை, எதிர்க்கவுமில்லை. ஆயினும் நம் தோழர் அவனை அறைகிறார். அடுத்து இடுப்பிலுள்ள தடியின் மேல் அவர் கை போகிறது. "வாயிற்கதவைப் பூட்டு" என்று நமக்கும் கட்டளையிடுகிறார். அவர் வயதில் மூத்தவர். நமக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவராகவும் இருக்கலாம். அந்த ஒரு கணத்தில் நாம் எடுக்கும் முடிவு, அச்சிறுவனின் உயிரையும் நம் குடும்பத்தின் பிழைப்பையும் காக்கவும் கூடும், கெடுக்கவும் கூடும்.

இங்கே நாம் முதலில் அறிய வேண்டியது, சீருடை நமக்கு எந்த அளவுக்கு அதிகாரம் தருகிறது என்பதாகும். 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள், இங்கிருந்து வடக்கே சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில், பின் சூன் ஆகிய தோட்டங்களில் மூன்று ஐரோப்பியர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. அக்காலத்தில் தோட்டங்களைக் காத்து நின்ற சிறப்புக் காவலர்கள் அரசாங்கப் போலீஸ் படையைச் சேர்ந்தவர்கள். இன்றைய தனியார் காவலர் அத்தகையவர் அல்லர். அவருடைய நிறுவனம் 1971ஆம் ஆண்டுத் தனியார் முகவாண்மைச் சட்டத்தின்படி உரிமம் பெற்று நடப்பது. காவலரோ, சட்டத்தின் கண்களுக்கு நம்மைப் போன்ற ஒரு குடிமகனே.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, தன் கண்ணெதிரே நடக்கும் சில கடுமையான குற்றங்களுக்காக ஒருவரைப் பிடித்து வைக்கத் தனிமனிதருக்கும் அனுமதி தருகிறது. ஆனால் பிடித்தவரைக் காலந்தாழ்த்தாது போலீசாரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். பிடிபட்டவர் தப்பாமல் தடுப்பதற்கு வேண்டிய அளவுக்கு மேல் அவரைக் கட்டுப்படுத்தலாகாது என்றும் அச்சட்டம் கூறுகிறது. தற்காப்புக்கும் எல்லை உண்டு. காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்ய இடமில்லை என்று தண்டனைச் சட்டத்தின் 99ஆம் பிரிவு வரையறுக்கிறது.

எல்லையைக் கடந்தால் என்ன நேரும்? வேண்டுமென்றே ஒருவரைக் காயப்படுத்தினால், 323ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறையோ, 2,000 வெள்ளி வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். உயிருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய கருவியைக் கையாண்டிருந்தால் சிறைவாசம் பத்தாண்டு வரை நீளலாம். இன்னொன்றும் உண்டு. பலர் ஒரே நோக்கத்துடன் கூடிச் செய்த குற்றத்திற்கு ஒவ்வொருவரும் தாமே செய்ததைப் போலப் பொறுப்பாவர் என்கிறது 34ஆம் பிரிவு. சும்மா நின்ற ஒன்றே குற்றமாகிவிடாது. ஆனால் அடிப்பதற்குத் துணையாகக் கதவைப் பூட்டினோம், சிறுவனின் கையைப் பிடித்துக்கொண்டோம் என்றால், அடித்தவரோடு சேர்ந்து நாமும் குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரிடலாம். 'அண்ணன் சொன்னார், செய்தேன்' என்பது அங்கே எடுபடாது.

ஆகவே அந்த நேரத்தில் நாம் செய்யத்தக்கவை சில உள்ளன. முதலாவதாக, தோழரோடு அங்கேயே சண்டைக்கு நிற்கலாகாது. அந்நியர் முன்னிலையில் அவமானப்பட்டால் அவர் கோபம் இரு மடங்காகும். அவருக்கும் சிறுவனுக்கும் இடையே மெல்லச் சென்று, "அண்ணே, இவனை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் போலீசுக்குச் சொல்லிவிடுங்கள்" என்று கூறுவோமாக. கோபத்தில் இருப்பவருக்கு மதிப்பான ஒரு வேலையைக் கொடுத்தால் கையும் வாயும் வேறு திசையில் திரும்பும். அப்படியும் அடங்கவில்லையென்றால், நாமே 999 என்ற எண்ணுக்கு அழைத்து உதவி கேட்க வேண்டும்.

இரண்டாவதாக, அவர் மனம் ஆறிய பின் தனியே பேச வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் விழித்திருப்பவருக்கு உடல் சோர்வும் வீட்டுக் கவலையும் சேர்ந்து கோபமாக வெடிப்பதுண்டு. சட்டப்படி, 2023ஆம் ஆண்டு முதல் வாரத்தின் வழக்கமான வேலை நேரம் 45 மணிக்கு மேற்படலாகாது. அதற்கு மேற்பட்டது மிகை நேர வேலை. தூக்கமின்மைதான் காரணம் என்றால், நேரப் பட்டியலை மாற்றித் தரும்படி இருவரும் சேர்ந்தே கேட்கலாம்.

மூன்றாவதாக, நடந்ததை நடந்தபடியே காவல் குறிப்பேட்டில் எழுத வேண்டும். நாள், நேரம், இடம், யார் என்ன செய்தார், யார் பார்த்தார் என்பவை போதும். 'அவர் கெட்டவர்' என்று எழுதுவதில் பயனில்லை. 'இரண்டு முறை அறைந்தார்' என்று எழுதுவதே சாட்சியமாகும். மேற்பார்வையாளரிடம் எழுத்து மூலம் தெரிவித்து, ஒரு நகலை நாமும் வைத்துக்கொள்ள வேண்டும். வேலைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, தவறான நடத்தைக்கு முறையான விசாரணைக்குப் பின்னரே தண்டனை என்று கூறுகிறது. அத்தகைய விசாரணையில் வெறும் புறங்கூறல் நிற்காது, எழுத்து நிற்கும். அது தோழருக்கும் நியாயம் செய்வதாகும்.

நான்காவதாக, அவர் நம்மையே அடிப்பதாக மிரட்டினால் மூடி மறைக்கலாகாது. போலீசில் புகார் செய்யலாம். தொழிலாளர் இலாகாவையும் தொழிற்சங்கத்தையும் நாடலாம். ஒப்புக்கொண்ட வேலையில் அடங்காத வன்முறையால் உடனடி ஆபத்து நேரும்போது, முன்னறிவிப்பு இன்றியே வேலையை விட்டு விலகவும் அதே 14ஆம் பிரிவு தொழிலாளிக்கு உரிமை தருகிறது. அது கடைசி வழியாக இருக்கட்டும்.

'பொறுமையாக நின்றால் கோழை என்பார்களே' என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். 2019ஆம் ஆண்டு தீபாவளிக் காலத்தில், சிங்கப்பூரிலுள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், விருந்தினரின் வாகனத்திற்குப் பத்து வெள்ளி நிறுத்தக் கட்டணம் கேட்டதற்காக ஒரு காவலர் கடுமையாக ஏசப்பட்டார். அவரோ குரலை உயர்த்தவில்லை. அக்காட்சியின் படப்பதிவைக் கண்ட மக்கள் யாரைப் பாராட்டினர்? ஏசியவரை அன்று, அமைதியாக நின்ற காவலரையே. பின்னர் அந்நாட்டில், காவலர்களைத் துன்புறுத்துவோருக்குக் கூடுதல் தண்டனை விதிக்கும் சட்டத் திருத்தம் 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. அத்தகைய மதிப்பு ஒரு முரட்டுக் கையால் இத்தொழிலுக்கு வந்துவிடாது.

தோழர்களே! பால் வெட்டுவோருக்கு நாம் புதிதாக எதையும் சொல்லிவிடவில்லை. உளியை அழுத்தாமல் பிடித்தால் பால் வராது. அளவுக்கு மீறி அழுத்தினால் மரத்தில் காயம் படும். அந்த இடத்தில் பட்டை சீராக வளராது. பிறகு அந்த மரத்தில் வெட்டுபவருக்கெல்லாம் தொல்லைதான். கோபத்தை அடக்கத் தெரியாத காவலர் அழுத்தி வெட்டுகிறவரைப் போன்றவர். பார்த்தும் பேசாதிருப்பவர், அப்படி வெட்டவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்கும் பக்கத்து நிரைக்காரர்.

நம் பிள்ளைகள் காவல் பணிக்குப் புறப்படும்போது, 'பயப்படாதே' என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். 'பக்கத்தில் இருப்பவர் கை ஓங்கினால் தடுத்து நில். நடந்ததை மறைக்காமல் எழுது' என்றும் சொல்லி அனுப்புங்கள். அவர்கள் காலையில் நல்லபடியாக வீடு திரும்புவதற்கு அந்தச் சொல்லும் துணை நிற்கும்.