மயானகாண்டம் பார்க்கச் செல்வோர்

யாழ்ப்பாணத்து நாடகப் பித்தர் ஒருவரிடம், "தெரிந்த கதையை ஏன் மறுபடியும் பார்க்கப் போகிறீர்?" என்று கேட்டால், அவர் கேட்டவரையே இரக்கத்தோடு நோக்குவார். அரிச்சந்திரன் கதையின் முடிவை அறிவதற்காக எவரும் கோயில் வீதியிற் பாய் விரித்து விடியுமட்டும் விழித்திருந்ததில்லை.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வளர்த்த இசை நாடக மரபைத் தமிழகத்துக் குழுக்கள் கடல் கடந்து கொணர்ந்தன. கொட்டகையில் நடந்தமையால் இங்கே அது கொட்டகைக் கூத்தாயிற்று. அதனைத் தமதாக்கிக் கொண்டவர்களுள் காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) தலைசிறந்தவர். அவரது வசந்த கான சபாவின் மயானகாண்டம் மூவாயிரம் தடவைக்கு மேல் மேடையேறியது என்பர்.

அத்தனை இரவுகளுக்கும் சனம் எங்கிருந்து வந்தது? ஓரூரிற் பார்த்தவரே மறுவாரம் அடுத்த ஊருக்கும் சென்றார். பாம்பு தீண்டி இறந்த மகனை எரிக்க வந்த தாயிடம் சுடலை காப்பவன் கூலி கேட்கிறான். பணம் இல்லையேல் கழுத்துத் தாலியை விற்றுக் கொடு என்கிறான். கணவன் ஒருவன் கண்ணுக்கே தெரியும் தாலி அது! அவ்விடத்தில் பாட்டு எவ்வாறு தயங்குகிறது, மௌனம் எவ்வளவு நீள்கிறது என்பதற்காகவே இரசிகர் வந்திருக்கிறார். ஆர்மோனியம் சற்று முந்திவிட்டால் மறுநாள் தேநீர்க் கடையில் விசாரணைதான். நடிகருக்கு இது தொல்லையே. ஆயினும் இத்தகையவர் முன்னிலையிற் சோர்ந்து பாட எவருக்கும் துணிவு வராது.

விடியற்புறம் வீடு திரும்புகையில் இரசிகர் அதே பாட்டைத் தாமும் பாடிப் பார்ப்பார். கேட்கும் பாக்கியம் துவிச்சக்கர வண்டியிற் பின்னால் இருப்பவருக்கு மட்டுமே.