கையில் மடித்துக் கொடுக்கிற காசு

எதிரணியில் உட்கார்ந்துகொண்டு இப்போதே என்னை முறைத்துப் பார்க்கிற அருமை நண்பர்களே! அலைச் சத்தத்தையும் மீறி எங்கள் சத்தத்தைக் கேட்க வந்திருக்கிற முட்டத்துப் பெருமக்களே, தாய்மார்களே!

முட்டத்திலே மேடை போட்டால் பேச்சாளனுக்கு ஒரு சங்கடம். பின்னாலே பாறை, அதுக்குப் பின்னாலே கடல், மேலே கலங்கரை விளக்கம். எங்களை யார் பார்ப்பாங்க? 1981 இல் ‘அலைகள் ஓய்வதில்லை’, 1986 இல் ‘கடலோரக் கவிதைகள்’ என்று இந்தப் பாறையைத் தமிழ்நாடே தியேட்டரில் உட்கார்ந்து பார்த்தாச்சு. படம் எடுக்க வந்தவர்கள் கடலைப் பார்த்தார்கள். நான் இன்றைக்குச் சாயங்காலம் இந்தத் தெருக்களிலே நடந்து வீடுகளைப் பார்த்தேன். பல வீட்டிலே ஒரு பிள்ளை வளைகுடாவிலே, இல்லையென்றால் கப்பலிலே. ஆகவே இன்றைய தலைப்பு உங்களுக்குப் புதுசு இல்லை. ‘வெளிநாடு செல்வோர் அங்கே பணியாளர்க்குத் தரும் டிப்ஸ் இனாமே! கூலியே!’ எங்கள் அணி, கூலியே.

எனக்கு முன்னால் பேசிய நண்பர் என்ன சொன்னார்? “மனசு குளிர்ந்து கொடுக்கிறோம், அதனால் அது இனாம்” என்றார். பாரியை இழுத்தார், ஓரியை இழுத்தார், கடையெழு வள்ளல்களையும் கூட்டிக்கொண்டு போய் ஓட்டல் மேசையிலே உட்கார வைத்துவிட்டார். (சிரிப்பு) ஐயா, பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தானே, அந்த மயில் அவனுக்கு இட்லி பரிமாறியதா? (சிரிப்பு, கைதட்டல்) வேலை வாங்காமல் கொடுத்தால் கொடை. வேலை வாங்கிவிட்டுக் கொடுத்தால் அதற்கு வேறு பேர்.

பேரைப் பாருங்களேன், அதுவே ஒரு வேடிக்கை. நாம் என்ன சொல்கிறோம்? “இந்தாப்பா, டீ செலவுக்கு வச்சுக்க.” பிரெஞ்சுக்காரன் இதற்கு வைத்திருக்கிற சொல்லுக்கு ‘குடிப்பதற்கு’ என்று பொருள். ஜெர்மன்காரனுக்கு அது ‘குடிக்கிற பணம்’. ஆக உலகம் முழுக்க ஒரே எண்ணம், வேலைக்காரனுக்கு வயிறு, வாடகை, பிள்ளைகுட்டி ஒன்றும் கிடையாது, தாகம் மட்டும்தான் உண்டு! (சிரிப்பு) நம் ஊரில் இன்னொன்றும் இருக்கிறது. “சார், சந்தோஷமா ஏதாவது...” என்று தலையைச் சொறிவான். சந்தோஷம் யாருக்கு? கொடுக்கிறவருக்கு. வாங்குகிறவன் சந்தோஷத்தைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை.

சில வருஷங்களுக்கு முன்னால், அமெரிக்காவிலே டெக்சாஸ் மாநிலத்திலே ஹூஸ்டன் நகரத்துக்குப் பேசப் போயிருந்தோம். ராத்திரி ஓர் உணவகம். எட்டுப் பேர். பரிமாறியது ஒரு சின்னப் பெண். சிரித்த முகம். எங்களில் ஒருவர் தண்ணீரில் ஐஸ் வேண்டாம் என்றார், இன்னொருவர் ஐஸில் தண்ணீர் வேண்டாம் என்றார் (சிரிப்பு), ஒருத்தர் காரம் கேட்டுக் கேட்டு அந்தப் பெண்ணை ஆறு முறை நடக்கவிட்டார். பில் 160 டாலர். கூட வந்த நண்பர் ஒருவர், பேர் வேண்டாம், நல்ல மனுஷன், சட்டைப் பையைத் தடவி ஒரே ஒரு டாலரை எடுத்துக் கம்பீரமாக வைத்தார். “நம்ம ஊருக்கு இது பெரிய காசு ஐயா” என்றார். அந்தப் பெண் அதைப் பார்த்தது. கோபப்படவில்லை. ஓடிவந்து, “சாப்பாட்டில் ஏதாவது குறையா? நான் ஏதும் தப்பு செய்துவிட்டேனா?” என்று கேட்டது. நண்பர் என்ன சொன்னார்? “குறையே இல்லைம்மா, ரொம்பப் பிரமாதம்!” என்று ஆங்கிலத்திலே பாராட்டு மழை! அந்தப் பெண்ணுக்கு இன்னும் குழப்பம். பிரமாதமாம், ஆனா ஒரு டாலராம்!

எங்களைக் கூட்டிப்போன தமிழ்க் குடும்பத்துப் பையன் அங்கே கல்லூரியில் படிக்கிறவன். பேசாமல் 30 டாலரைச் சேர்த்து வைத்துவிட்டு வந்தான். காரில் ஏறினதும் நண்பர், “தம்பி, நம்ம கணக்குக்கு ஆயிரக்கணக்கிலே வருமே! அதுக்கு நாகர்கோவில்லே ஒரு வாரம் சாப்பிடலாமே!” என்றார். பையன் சொன்னான், “அங்கிள், அந்தப் பொண்ணுக்கு முதலாளி தர்ற சம்பளம் ஒரு மணி நேரத்துக்கு 2 டாலர் 13 சென்ட்.”

நடுவர் அவர்களே, இதை நான் அப்புறம் தேடிப் படித்தேன். அமெரிக்க மத்தியச் சட்டப்படி சாதாரணத் தொழிலாளிக்குக் குறைந்தபட்சக் கூலி ஒரு மணிக்கு ஏழே கால் டாலர். 2009 இல் வைத்தது, அப்படியே நிற்கிறது. ஆனால் டிப்ஸ் வாங்குகிற தொழிலாளி என்றால் முதலாளி 2 டாலர் 13 சென்ட் கொடுத்தால் போதும். இது 1991 இல் வைத்த தொகை. அன்றைக்குப் பிறந்த குழந்தைக்கு இன்றைக்குக் குழந்தை இருக்கும், அந்தக் கூலி மட்டும் வளரவே இல்லை! மீதி ஐந்து டாலர் சொச்சத்தை யார் தரவேண்டும்? சாப்பிட வருகிற நீங்களும் நானும். டிப்ஸ் குறைந்தால் முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஈடுகட்டினாலும் அவளுக்குக் கிடைப்பது அந்த அடிமட்டக் கூலிதான். கலிபோர்னியா மாதிரி ஏழு மாநிலங்களில் இந்தக் கழிவு கிடையாது, முழுக் கூலியும் முதலாளியே தரவேண்டும். டெக்சாஸில் அப்படி இல்லை.

எதிரணி நண்பர்களே, இப்போது சொல்லுங்கள். நீங்கள் ‘இனாம்’ என்று நினைத்துக் கொடுக்கிற காசைச் சட்டமே கூலிக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறது. (கைதட்டல்) அதுமட்டுமா? அந்தக் காசுக்கு அந்தப் பெண் வருமான வரி கட்டவேண்டும். 2025 இல்தான் ஒரு வரம்பு வரைக்கும் சலுகை கொடுத்துச் சட்டம் போட்டார்கள். சலுகை கொடுக்க வேண்டி வந்ததே, அப்போ அதுவரைக்கும் அது என்ன? வருமானம்தானே! பிறந்தநாளுக்கு மாமா கொடுத்த மோதிரத்துக்கு யாராவது வருமான வரி கட்டியதுண்டா?

பையன் இன்னொன்றும் சொன்னான், அதுதான் என்னை உலுக்கியது. அவனும் ராத்திரியிலே ஒரு ஓட்டலில் பரிமாறப் போகிறவன். பல ஓட்டல்களில் பரிமாறுகிறவர், தான் விற்ற தொகையில் ஒரு பங்கை மேசை துடைக்கிறவருக்கும் பானம் ஊற்றிக் கொடுக்கிறவருக்கும் பிரித்துக் கொடுக்கவேண்டுமாம். நாம் டிப்ஸ் வைத்தாலும் கொடுக்கவேண்டும், வைக்காவிட்டாலும் கொடுக்கவேண்டும். “அங்கிள், நீங்க ஒண்ணும் வைக்காம எழுந்து வந்தா, உங்களுக்குப் பரிமாறினதுக்கு நான் என் கைக்காசைப் போடணும்” என்றான். படிக்கிற பிள்ளை, நமக்குச் சோறும் போட்டு, அதற்குக் காசும் கொடுக்கிறது!

இந்த முறை எங்கிருந்து வந்தது? உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைத்தளை அறுந்த காலம். புல்மன் என்கிற கம்பெனி படுக்கை வசதி கொண்ட ரயில் பெட்டிகளை ஓட்டியது. விடுதலை பெற்ற கறுப்பின மக்களை அந்தப் பெட்டிகளில் வேலைக்கு எடுத்தது. சம்பளம் சொற்பம், மீதியைப் பயணிகளிடம் வாங்கிக்கொள். பயணியின் செருப்புக்குப் போடுகிற பாலிஷைக்கூட அவன் சொந்தக் காசிலே வாங்கவேண்டும். முதலாளி பேர் ஜார்ஜ் புல்மன். அதனாலே பயணிகள் அத்தனை பணியாளர்களையும் ‘ஜார்ஜ்’ என்றே கூப்பிட்டார்கள். அவனுக்கு அம்மா அப்பா வைத்த பேர் என்ன என்று யாரும் கேட்கவில்லை. நாம் ஓட்டலில் உட்கார்ந்து, அறுபது வயசுக்காரரை ‘ஏ தம்பி, இங்க துடை’ என்கிறோமே, அதே ஜாதிப் பழக்கம்தான். அந்தத் தொழிலாளர்கள் 1925 இல் சங்கம் கட்டினார்கள், ராண்டால்ஃப் என்கிற தலைவர். என்ன கேட்டார்கள் தெரியுமா? “எங்களுக்கு அதிக டிப்ஸ் வாங்கித் தா” என்று கேட்கவில்லை. “டிப்ஸை நம்பி வாழாதபடி சம்பளம் தா” என்று கேட்டார்கள். பன்னிரண்டு வருஷம் போராடி 1937 இல் ஒப்பந்தம் வாங்கினார்கள். வாங்குகிறவனுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது, இது கூலி, ஆனால் இனாம் வேஷம் போட்டு வருகிறது என்று.

எதிரணியில் அம்மையார் ஒருவர் ஜப்பானைக் காட்டினார். “அங்கே டிப்ஸ் வைத்தால் பின்னாலேயே ஓடிவந்து திருப்பிக் கொடுக்கிறார்கள், தன்மானம் பாருங்கள்” என்றார். அம்மா, நான் உங்கள் கட்சியில்லை, ஆனால் உங்கள் சாட்சி என் கட்சி! (சிரிப்பு) ஏன் திருப்பிக் கொடுக்கிறான்? அவன் கூலி ஏற்கெனவே அவன் கைக்கு வந்துவிட்டது. ஒரு வேலைக்கு இரண்டு கூலி வேண்டாம் என்கிறான். பிரான்ஸிலே பில்லுக்குள்ளேயே சேவைக் கட்டணம் அடக்கம். சிங்கப்பூரிலே பல உணவகங்களில் பத்து சதவீதம் பில்லிலேயே சேர்ந்து வரும், மேலே வைக்கிற வழக்கம் இல்லை. இங்கிலாந்திலே முதலாளி டிப்ஸில் கைவைக்கக் கூடாது, முழுக்கத் தொழிலாளிக்கே சேரணும் என்று 2023 இல் சட்டம் போட்டு, 2024 அக்டோபரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். இனாமுக்கு எங்கேயாவது இப்படிச் சட்டம் போடுவார்களா?

நம் நாட்டையும் இழுத்தார்கள். 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உணவகங்கள் பில்லிலே தானாகச் சேவைக் கட்டணம் சேர்க்கக் கூடாது என்றது. 2025 மார்ச்சிலே டெல்லி உயர்நீதிமன்றமும் அதைச் சரி என்றது. உண்மை. ஆனால் அது கடைக்காரருக்குப் போட்ட கடிவாளம். இலை எடுக்கிற பையன் கையிலே நீங்கள் கொடுப்பதை யாரும் தடுக்கவில்லை. தீர்ப்பைக் காட்டிப் பத்து ரூபாயை மிச்சம் பிடிக்காதீர்கள்! (சிரிப்பு)

பரிசில் பற்றி ஒரு வார்த்தை. நான் தமிழ் வாத்தியார், அதை விட்டுவிட்டுப் போனால் எனக்குத் தூக்கம் வராது. சங்க காலத்துப் பெருஞ்சித்திரனார் அதியமானைத் தேடிப் போனார். அவன் நேரில் பார்க்காமலே பரிசிலைக் கொடுத்தனுப்பினான். புலவர் தொடவில்லை. முகம் பார்க்காமல் கொடுப்பதை வாங்கிக்கொண்டு போக நான் வியாபாரி இல்லை என்றார். இதே புலவர் இளவெளிமானிடம் போனபோது அவன் தகுதி பாராமல் ஏதோ கொஞ்சம் கொடுத்தான். அதையும் தொடவில்லை. நேரே குமணனிடம் போய் யானையைப் பரிசிலாக வாங்கிக்கொண்டு வந்து, இளவெளிமானின் காவல் மரத்திலே கட்டிவிட்டு, “இதோ பார், இது நான் உனக்குக் கொடுக்கிற பரிசில்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்! (பலத்த கைதட்டல்) கவிதை அவர் தொழில். தொழிலின் மதிப்புத் தெரிந்து கொடு என்றார். அந்த ஹூஸ்டன் பெண்ணால் யானை கட்ட முடியுமா? வாடகை கட்டணுமே!

எதிரணியில் உருப்படியான கேள்வி ஒன்றும் கேட்டார்கள். “கூலி என்று நாமே கொடுத்துக்கொண்டிருந்தால் முதலாளி தப்பித்துக்கொள்வானே?” என்று. நியாயம். இந்த முறையே கோணல்தான். அமெரிக்காவிலே வாஷிங்டன் மாநிலத்தில் 1909 இல் டிப்ஸையே தடை செய்து சட்டம் போட்டார்கள். 1913 இல் அதைத் தூக்கிவிட்டார்கள். அவர்கள் சட்டசபையால் முடியாததை, பத்து நாள் விசாவில் போன நீங்கள் ஓர் ஏழைப் பெண்ணின் காசைப் பிடித்துவைத்துக்கொண்டு சாதிக்கப் போகிறீர்களா? முறையை மாற்றக் கொடி பிடியுங்கள், நானும் வருகிறேன். அதுவரைக்கும் சாப்பிட்ட மேசையில் கணக்கை முடித்துவிட்டு எழுந்திருங்கள். விமானம் ஏறுமுன்னே விசா, இன்சூரன்ஸ், ஊறுகாய் எல்லாம் விசாரிக்கிறோம். அந்த ஊரிலே பரிமாறுகிறவனுக்குச் சம்பளம் யார் தருகிறார்கள் என்று ஒரு கேள்வி கேட்டால் குறைந்தா போய்விடுவோம்?

முட்டத்துக்காரர்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம். கரமடி இழுத்துக் கரையேற்றினால் மீனை ஏலம் விட்டுப் பங்கு பிரிக்கிறீர்கள். வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. மீன் நிறையப் பட்டால் பங்கு பெரிசு, படாவிட்டால் கை வெறும் கை. கூடுதல் குறைச்சலாக வருகிறதே என்று அதை யாராவது இனாம் என்பீர்களா? சொல்லிப் பார்க்கட்டும், துடுப்பு எங்கே இறங்கும் என்று தெரியும்! (சிரிப்பு, கைதட்டல்)

சாயங்காலம் ஒரு தாயாரிடம் பேசிக்கொண்டிருந்தேன். மகன் சொகுசுக் கப்பலிலே அறை சுத்தம் பண்ணுகிற வேலை. எட்டு ஒன்பது மாசம் கடல், அப்புறம் லீவு. “மாசம் எவ்வளவும்மா அனுப்புவான்?” என்றேன். “அது ஒரே கணக்கா வராது சாரே. ஆளு நல்ல ஆளா வந்தா மாசம் நல்லாருக்கும். இல்லேன்னா மக்க போனிலயே சுருக்கமாப் பேசிட்டு வச்சிருவான்” என்றார். பல பெரிய கப்பல்களில் பயணி ஒருவருக்கு ஒரு நாளைக்குப் பதினைந்து டாலருக்குக் குறையாமல் டிப்ஸ் கணக்கில் தானாக ஏறும். அறையைக் கழுவுகிறவர், பரிமாறுகிறவர் எல்லாருக்கும் பிரிப்பார்கள். ஆனால் பல கப்பல்களில் பயணி கவுண்டருக்குப் போய், “எடுத்துவிடு” என்று சொன்னால் எடுத்துவிடுவார்கள். கப்பலில் போய்வந்த நம் ஆட்கள் சிலர் ஊருக்கு வந்து பெருமையாகச் சொல்கிறார்கள், “எனக்கு விவரம் தெரியும், கடைசி நாள் போய் எடுக்கச் சொல்லி அவ்வளவையும் மிச்சம் பிடிச்சிட்டேன்” என்று. உள்ளே வந்து போர்வையை மடித்து, துண்டை அன்னப்பறவை மாதிரி சுருட்டிக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனானே, அவன் சட்டையில் பேர் குத்தியிருந்தது. இவர் படிக்கவே இல்லை. படித்திருந்தால் இந்தத் தெருவிலே இருக்கிற ஒரு பேராகக்கூட இருந்திருக்கும்.

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார். அடித்தால் எழுந்துதான் ஆகணும், அவருக்கும் இந்த மேடையில் கூலிதான், இனாம் இல்லை. (சிரிப்பு)